அலுவலக ஸ்டெப் சேலஞ்ச்: மூன்றாவது வாரத்தில் கால்கள் ஏன் நின்றுவிடுகின்றன?

எச்ஆரிலிருந்து மெயில் வருகிறது. எட்டு வாரம், ஐந்து ஐந்து பேராக டீம், அதிகக் காலடி சேர்க்கும் டீமுக்குப் பரிசு. முதல் வாரம் கேன்டீனில் வேறு பேச்சே இருக்காது. லிஃப்ட் காலியாக நிற்கும், படிக்கட்டில் கூட்டம் இருக்கும். மூன்றாவது வாரம் வரும்போது வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் மட்டும் ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் குழுவை மியூட் செய்திருப்பார்கள்.

"நம்ம ஆளுங்களுக்கு ஆரம்ப சூரத்தனம்தான்" என்று இதற்குக் காரணம் சொல்லிவிடுகிறார்கள். அது அநியாயம். பெரும்பாலான இடங்களில் ஆட்கள் விலகுவதற்கான காரணம் மதிப்பெண் போடும் முறையிலேயே இருக்கிறது. எதை எண்ணுகிறோம், எப்படிக் கூட்டுகிறோம், யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்ற மூன்றையும் சரிசெய்தால் அதே ஆட்கள் எட்டாவது வாரத்திலும் நடப்பார்கள். போட்டியை நடத்துபவர்களுக்கும், டீமில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

10,000 என்ற எண் எங்கிருந்து வந்தது?

டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது 1964-ல். அடுத்த ஆண்டு யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் காலடி எண்ணி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கே', அதாவது பத்தாயிரம் காலடி அளவி. வாங்குபவர் மனதில் நிற்கும் முழு எண்ணாக அது அமைந்தது. எந்த மருத்துவ ஆய்வும் சொன்ன அளவாக அது அப்போது இருக்கவில்லை.

ஆய்வுகள் பின்னால்தான் வந்தன. சராசரியாக 72 வயதுள்ள 16,741 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. நாளுக்குச் சுமார் 2,700 காலடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 நடந்தவர்களுக்கு இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் நடந்தவர்களிடம் கூடுதல் பலன் தெரியவில்லை. 15 ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2022-ம் ஆண்டுக் கட்டுரை, பலன் அதற்குமேல் கூடாமல் நிற்கும் இடத்தை 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 என்றும், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 என்றும் கணித்தது. 2025-ல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் வந்த தொகுப்பாய்வு, 7,000 என்பதே பெரும்பாலோருக்கு எட்டக்கூடிய, போதுமான பலன் தரும் அளவு என்றது.

இந்த எண்கள் எல்லாம் சேர்ந்து காட்டும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பலன் அதிகமாகக் கிடைப்பது கீழ்ப்படிகளில். 2,500 காலடி நடப்பவர் 4,500-க்கு வருவதில் கிடைக்கும் ஆரோக்கிய லாபம், 14,000 நடப்பவர் 16,000-க்குப் போவதில் கிடைக்காது. ஆனால் பெரும்பாலான அலுவலகப் போட்டிகளில் இரண்டு பேருக்கும் ஒரே 2,000 புள்ளிதான்.

தூரமாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு கணக்கு. நடக்கும்போது ஒரு காலடியின் நீளம் உயரத்தில் சுமார் 41 சதவீதம். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 66 செ.மீ. அதன்படி 1,000 காலடி என்பது 660 மீட்டர். தமிழக அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் குறிக்கப்பட்ட பாதையின் நீளம் 8 கி.மீ. இவருக்கு அது ஏறக்குறைய 12,000 காலடி.

வேகத்துக்கும் ஒரு அளவு உண்டு. நிமிடத்துக்கு 100 காலடி என்றால் மிதமான உடற்பயிற்சி. 130-ஐத் தொட்டால் தீவிரப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரப் பயிற்சி வேண்டும் என்கிறது. ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று 2010-ல் இருந்த நிபந்தனை இதில் நீக்கப்பட்டுவிட்டது. மேஜையிலிருந்து எழுந்து நடக்கும் நான்கு நிமிடமும் இப்போது கணக்கில் சேரும். அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

எண் தப்பாக வருவது எங்கே?

போட்டியில் முதல் மனக்கசப்பு இங்கேதான் தொடங்கும். "நானும் உன்கூடத்தானே நடந்தேன், எனக்கு ஏன் 800 குறையுது?" என்று ஒருவர் கேட்பார். போனிலும் கைப்பட்டையிலும் இருக்கும் முடுக்கமானி என்ற சின்ன சென்சார், உடல் குலுங்கும் தாளத்தைப் பார்த்து இது காலடி என்று ஊகிக்கிறது. அந்த ஊகம் தவறும் இடங்கள் தெரிந்தவைதான்.

1. போன் மேஜையில் இருந்தால் கணக்கே இல்லை. பேன்ட் பாக்கெட்டில் போன் வைப்பவருக்கு மீட்டிங் ரூமுக்கும் பேன்ட்ரிக்கும் நடந்தது எல்லாம் ஏறும். புடவையோ பாக்கெட் இல்லாத சுடிதாரோ உடுத்தியவரின் போன் மேஜையிலோ கைப்பையிலோ கிடக்கும். வீட்டில் அடுப்படிக்கும் துணி காயப்போடும் மொட்டை மாடிக்கும் நடப்பதும் அப்படியே விட்டுப்போகும். போனை மட்டும் நம்பி நடக்கும் போட்டியில் பெண்களின் எண்ணிக்கை குறைவாகத் தெரிவதற்கு இது பெரிய காரணம்.

2. கைப்பட்டை கை வீச்சை நம்பியிருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் டிராலி தள்ளும்போது, குழந்தையைத் தூக்கி நடக்கும்போது, லேப்டாப்பை ஏந்திக்கொண்டு போகும்போது கை அசையாது. எண் குறையும். மிக மெதுவாக நடந்தாலும் குறையும்.

3. குண்டும் குழியுமான சாலையில் பைக் ஓட்டினால் சில பட்டைகளில் எண் ஏறும். நீங்கள் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும்.

4. ஆண்ட்ராய்டு போனில் பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பு, பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். மாலையில் பார்த்தால் மதியம் வரைதான் பதிவாகியிருக்கும். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். 'உடல் செயல்பாடு' என்ற அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும்.

5. போன், பட்டை இரண்டும் ஒரே ஆப்பில் இணைந்திருந்தால் ஒரே நடை இரண்டு முறை ஏறும் வாய்ப்பு உண்டு. 'ஹெல்த் கனெக்ட்' போன்ற இடைநிலை ஆப்பில் எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

போட்டி தொடங்கும் முன் எல்லோரும் ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது. வழக்கமாக வைக்கும் இடத்தில் கருவியை வைத்து, மனதுக்குள் எண்ணிக்கொண்டே 200 காலடி நடங்கள். கருவி 190-க்கும் 210-க்கும் இடையில் காட்டினால் போதும். 150 காட்டினால் வைக்கும் இடத்தை மாற்றுங்கள். பிறகு எட்டு வாரமும் அதே கருவி, அதே இடம். பிழை ஒரே அளவில் இருக்கும்வரை உங்கள் முன்னேற்றம் சரியாகத் தெரியும்.

மொத்தக் கூட்டல் செய்யும் கெடுதல்

ஐந்து பேர் கொண்ட இரண்டு டீம்களை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். முதல் டீமின் தினசரிக் காலடிகள்: 21,000, 9,000, 5,500, 4,000, 2,500. கூட்டினால் 42,000. இரண்டாவது டீம்: 8,000, 8,000, 7,500, 7,500, 7,000. கூட்டினால் 38,000. மொத்தக் கூட்டலில் முதல் டீம் ஜெயிக்கிறது. அங்கே ஒருவர் மாரத்தானுக்குத் தயாராகிறார், மூன்று பேர் நாற்காலியை விட்டு அதிகம் எழுவதில்லை. ஐந்து பேருமே 7,000-ஐத் தொட்ட டீம் தோற்கிறது.

இனி முதல் டீமின் கடைசி ஆளின் இடத்தில் இருந்து பாருங்கள். அவர் சிரமப்பட்டு 2,500-லிருந்து 4,500-க்கு வருகிறார். அவரைப் பொறுத்தவரை அது 80 சதவீத உயர்வு. டீம் மொத்தத்தில் அது 5 சதவீதம்கூட இல்லை. மாரத்தான்காரர் 20 நிமிடம் கூடுதலாக நடந்தாலே அதே 2,000 வந்துவிடும். "நான் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒன்றுதான்" என்று இவர் நினைத்தால் அது சோம்பல் கிடையாது, சரியான கணக்கு. அந்தக் கணக்கு தெளிவாகத் தெரிய இரண்டு வாரம் போதும். மூன்றாவது வாரத்தில் அவர் ஆப்பைத் திறக்க மாட்டார்.

இப்போது ஒருவருக்கு ஒரு நாளில் 10,000-க்கு மேல் எண்ணுவதில்லை என்று ஒரே ஒரு விதியைச் சேருங்கள். முதல் டீம் 31,000-க்கு இறங்கும், இரண்டாவது டீம் 38,000-லேயே நிற்கும். முடிவு தலைகீழாகிவிடுகிறது. மாரத்தான்காரர் முதல் டீமுக்கு இனி செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்றுதான்: தன் நடையில் பாதியைக் கடைசி ஆளோடு சேர்ந்து நடப்பது.

வடம் இழுத்தவர்கள் சொன்னது

ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பற்றி நமக்குப் பெருமை உண்டு. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் அந்த வடத்தைத்தான் அளந்து பார்த்தார். ஆட்களைத் தனியாகவும் கூட்டாகவும் கயிறு இழுக்கச் சொல்லி அவர் எடுத்த அளவுகள் 1913-ல் வெளியாயின. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரின் பங்கு, தனியாக இழுத்த பலத்தில் ஏறக்குறைய பாதிதான். ஒரே நேரத்தில் இழுக்காததால் வந்த இழப்பும் அதில் உண்டு. 1979-ல் பிப் லட்டானேயும் உடன் ஆய்வாளர்களும் கைதட்டல், கூச்சல் ஆகியவற்றை வைத்துச் சோதித்தபோது, முயற்சியே குறைவது உறுதியானது. 'கூட்டுச் சோம்பல்' என்று இதைச் சொல்லலாம். ஒவ்வொருவரின் பங்கும் தனியாகத் தெரியும் என்று சொன்னால் அந்தச் சோம்பல் குறைந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான கண்டுபிடிப்பு ஒன்றும் உண்டு. ஜெர்மனியின் ஓட்டோ கோலர் 1920-களில் பெர்லின் படகோட்டும் சங்கத்து ஆட்களை இருவர் இருவராக எடை தூக்க வைத்தார். ஒருவர் விட்டால் இருவருமே நிறுத்த வேண்டிய ஏற்பாடு. பலம் குறைந்தவர், தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் நடுத்தரமாக இருந்தபோதுதான் இது நன்றாக வேலை செய்தது. வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தால் பலவீனமானவர் முயற்சியையே விட்டுவிடுகிறார். 3,000 நடப்பவருக்கு 5,000 நடப்பவரை ஜோடி சேர்க்க வேண்டும், 18,000 நடப்பவரை வேண்டாம் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

அலுவலக ஊழியர்களிடமே நடந்த சோதனைகளும் இருக்கின்றன. டெலாய்ட் நிறுவனத்தின் அமெரிக்க ஊழியர்கள் 602 பேரிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. 24 வாரம் விளையாட்டு முறை, பிறகு 12 வாரம் வெறும் கண்காணிப்பு. வாரத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 70 புள்ளி, இலக்கைத் தவறவிட்ட ஒவ்வொரு நாளும் 10 புள்ளி போய்விடும். குடும்ப ஆதரவு, கூட்டுறவு, போட்டி என்று மூன்று வகையாகப் பிரித்ததில் போட்டிப் பிரிவுதான் அதிகம் நடந்தது. விளையாட்டு முறை இல்லாத கட்டுப்பாட்டுக் குழுவைவிட நாளுக்குச் சுமார் 920 காலடி கூடுதல். விளையாட்டு முடிந்த பிறகும் குறிப்பிடத்தக்க அளவில் பலனைத் தக்கவைத்தது அந்தப் பிரிவு மட்டுமே.

"அப்படியானால் லீடர்போர்டு நல்லதுதானே" என்று உடனே முடிவெடுத்துவிடக் கூடாது. அந்தப் போட்டிப் பலகையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஒவ்வொருவரின் இலக்கும் அவரவர் தொடக்க அளவிலிருந்து கணக்கிடப்பட்டது. 400 பேர் பெயரை வரிசையாகப் போட்டு, 387-வது இடத்தில் உங்களைக் காட்டும் பலகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

விதிகளை எப்படி அமைப்பது?

மேலே சொன்னவற்றைச் சேர்த்தால் இப்படி ஒரு வடிவம் கிடைக்கும். ஆப் எதுவாக இருந்தாலும் ஒரு ஷீட்டிலேயே இதை நடத்திவிடலாம்.

1. முதல் வாரம் அளவு எடுக்க மட்டும். யாரும் கூடுதலாக நடக்க வேண்டாம். ஏழு நாள் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் இருக்கும் நான்காவது எண்ணை எடுங்கள். உதாரணத்துக்கு 2,800, 2,900, 3,100, 3,300, 3,600, 4,400, 9,200. நடு எண் 3,300. அந்த 9,200 ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் ஓடியாடியது. சராசரி எடுத்தால் அந்த ஒரு நாள் தொடக்க அளவை 4,186-க்கு ஏற்றிவிடும், மறுநாளிலிருந்து இலக்கு எட்டாக்கனியாகிவிடும்.

2. இலக்கு அவரவருக்கு. நடு எண்ணோடு 1,500 கூட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,000 ஏற்றலாம். 8,000-ஐத் தொட்டவருக்கு அதற்குமேல் இலக்கு ஏற வேண்டியதில்லை. அளவு எடுக்கும் வாரத்தில் வேண்டுமென்றே குறைவாக நடந்து இலக்கைச் சுலபமாக்கிக்கொள்பவர்கள் இருப்பார்கள். அதற்காக, தொடக்க இலக்கு யாருக்கும் 4,000-க்குக் கீழே போகக் கூடாது என்று வையுங்கள். உடல்நலக் காரணம் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு.

3. காலடிக்குப் புள்ளி வேண்டாம், நாளுக்குப் புள்ளி கொடுங்கள். இலக்கைத் தொட்ட நாளுக்கு 1. வாரத்துக்கு அதிகபட்சம் 5. மீதி இரண்டு நாள் ஓய்வு, காய்ச்சல், மழை, வீட்டு விசேஷம் எதற்கு வேண்டுமானாலும். ஐந்து பேர் டீமுக்கு வாரம் 25 புள்ளிதான் உச்சம்.

4. திங்கட்கிழமை எல்லாம் பூஜ்யத்திலிருந்து. ஒவ்வொரு வாரமும் தனிப் போட்டி. எட்டு வாரத்தில் அதிக வாரம் ஜெயித்த டீமுக்குப் பரிசு. மூன்றாவது வாரச் சரிவைத் தடுப்பதில் மற்ற எல்லா விதிகளையும்விட இது பலமானது. முதல் இரண்டு வாரம் கோட்டைவிட்ட டீமுக்கும் உயிர் இருக்கும்.

5. தனி எண்கள் டீமுக்குள் மட்டும் தெரியட்டும். வெளியே டீம் புள்ளி மட்டும். கூட்டுச் சோம்பலும் வராது, அவமானமும் வராது.

6. கையால் எண்ணைப் பதியும் வசதியை நிறுத்துங்கள். ஊஞ்சலில் போனைக் கட்டுவது, பிள்ளையின் கையில் பட்டையை மாட்டுவது எல்லாம் ஊரறிந்த தந்திரங்கள். நாளுக்கு 1 புள்ளிதான் என்றாகிவிட்டால் 30,000 காட்டி ஒரு லாபமும் இல்லை, அந்தத் தந்திரங்களில் பாதி தானாகவே நின்றுவிடும்.

நடை தவிர மற்றவற்றுக்கு ஒரு மாற்று விகிதம் வேண்டும். நிமிடத்துக்கு 100 காலடி என்ற அளவை வைத்து, நீச்சல், சைக்கிள், சக்கர நாற்காலியில் தள்ளிச் செல்வது என எந்த மிதமான பயிற்சியாக இருந்தாலும் 10 நிமிடத்துக்கு 1,000 என்று போடலாம். மூட்டுவலிக்காரரையும் மாற்றுத்திறனாளி ஊழியரையும் பார்வையாளராக உட்கார வைக்கும் போட்டி, டீம் போட்டி என்ற பெயருக்கே பொருந்தாது.

நேரத்தையும் யோசிக்க வேண்டும். சென்னையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை பகல் வெயிலில் யாரையும் நடக்கச் சொல்லக் கூடாது. அக்டோபர் பாதியிலிருந்து வடகிழக்குப் பருவமழை. பொங்கல் விடுமுறை முடிந்து தொடங்கி மார்ச் நடுவில் முடிப்பது வசதியாக இருக்கும். கணக்குப் பிரிவு ஆட்களுக்கு மார்ச் கடைசி வாரங்கள் மூச்சுவிட முடியாதவை, அவற்றைத் தொடாமல் முடித்துவிடுங்கள்.

ஒரு நாளில் 3,700 காலடி எங்கே இருக்கிறது?

3,300 நடப்பவர் 7,000-க்குப் போக 3,700 தேவை. "ஒரு மணி நேரம் வாக்கிங் போகணும்" என்று நினைத்தால் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். துண்டு துண்டாகப் பிரித்தால் இப்படி வரும்.

காலையில் ஆபீஸ் பஸ்ஸுக்கு முன் 15 நிமிடம்: 1,500. அடுத்த நிறுத்தத்தில் போய் ஏறினாலே இது முடிந்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம்: 1,000. வெயில் காலத்தில் கட்டடத்துக்குள் தளத்தைச் சுற்றலாம். சாப்பாட்டுக்குப் பின் நடப்பது, உணவால் ஏறும் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஒரே ஒரு வேளைதான் நடக்க முடியும் என்பவர்கள் இந்த வேளையைத் தேர்ந்தெடுக்கலாம்.

திரையைப் பார்க்கத் தேவையில்லாத இரண்டு போன் அழைப்புகள், மொத்தம் 15 நிமிடம். பேசிக்கொண்டே நடந்தால் வேகம் குறையும், நிமிடத்துக்கு 80 என்று வையுங்கள்: 1,200.

மொத்தம் 40 நிமிடம், 3,700 காலடி, உடை மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு துண்டையும் ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலோடு முடிச்சுப் போடுங்கள்: "டிபன் பாக்ஸ் கழுவி முடித்ததும் இரண்டு சுற்று." எப்போது, எங்கே என்று இப்படி முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்பவர்கள், "இன்னிக்கு நடக்கணும்" என்று பொதுவாக நினைப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது உளவியலில் பலமுறை சோதிக்கப்பட்டது.

மூன்றாவது வாரமும் டீம் கேப்டனும்

புதுமை தீர்ந்துபோகும், கெண்டைக்கால் வலிக்கும், புராஜெக்ட் ரிலீஸ் வந்து நிற்கும். மூன்றும் ஒரே வாரத்தில் வருவதுதான் சிக்கல். கேப்டன் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை.

தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஒரு செய்தி போதும். மாலை 4 மணி நல்ல நேரம், நாள் முடிய இன்னும் அவகாசம் இருக்கும். "இன்னிக்கு மூணு பேர் தொட்டாச்சு. 4.15-க்கு ஒரு ரவுண்ட் கீழே போறோம், வர்றவங்க வாங்க" என்று எழுதலாம். "யாரு இன்னும் முடிக்கலை?" என்ற கேள்வி குழுவில் வரவே கூடாது. இரவு 11 மணிக்கு வரும் நினைவூட்டல் குற்ற உணர்ச்சியை மட்டும்தான் தரும்.

ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து தவறவிட்டால் குழுவில் கேட்காமல் நேரில் போய்ப் பேசுங்கள். பல நேரம் ஆப் ஒத்திசையாமல் நின்றிருக்கும், அல்லது வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும். அந்த வாரத்துக்கு அவர் இலக்கைப் பழைய தொடக்க அளவுக்கே இறக்கிக் கொடுங்கள். வெளியே போனவரைத் திரும்ப இழுப்பதைவிடக் குறைந்த இலக்கோடு உள்ளே வைத்திருப்பது சுலபம்.

லண்டனில் 96 பேரிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு நடுவளவாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணிக்கப்பட்டது. ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. எட்டு வாரம் என்பது 56 நாள். போட்டி முடியும்போது பலருக்குப் பழக்கம் இன்னும் காயாத சிமென்ட்தான்.

உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை

திடீரென்று நடையை இரட்டிப்பாக்குபவர்களுக்கு வரும் வழக்கமான மூன்று: கெண்டைக்கால் பிடிப்பு, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரத்தில் வலி, காலையில் எழுந்து முதல் காலடி வைக்கும்போது குதிகாலில் சுருக்கென்று குத்துவது. முதலாவது இரண்டு மூன்று நாளில் தணியும். மற்ற இரண்டும் வந்தால் நடையைப் பாதியாகக் குறைத்து, தட்டைச் செருப்பை விட்டுக் குதிகாலைத் தாங்கும் ஷூவுக்கு மாறுங்கள். எலும்பில் ஒரே இடத்தை அழுத்தினால் வலி கூர்மையாக இருக்கிறது, ஓய்விலும் போகவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். புள்ளிக்காக அதன்மேல் நடக்காதீர்கள்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் நடையைக் கூட்டும்முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு, பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும். இரவில் பாதங்களைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும், உணர்வு குறைந்த காலில் கொப்புளம் தெரியாது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் உடனே நின்று உதவி கேளுங்கள்.

காலடி எண்ணிக்கை தசை வலுவைத் தராது. உலக சுகாதார நிறுவனம் வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை என்று இரண்டு சுற்று செய்தால் வாரத்துக்கு ஒரு கூடுதல் புள்ளி தரலாம்.

பரிசும் தகவலும்

பென்சில்வேனியா பல்கலைக்கழக ஊழியர்கள் 281 பேரிடம் நடந்த சோதனை 2016-ல் வெளியானது. இலக்கு 7,000. இலக்கைத் தொட்டால் நாளுக்கு 1.40 டாலர் என்று சொன்ன குழு 35 சதவீத நாட்களில் தொட்டது. மாதம் 42 டாலரை முன்கூட்டியே கணக்கில் காட்டி, தவறிய நாளுக்கு 1.40 டாலர் கழிக்கப்படும் என்று சொன்ன குழு 45 சதவீத நாட்களில் தொட்டது. பணம் ஒன்றுதான், கையில் இருந்து போவது கூடுதலாக உறைக்கிறது. 25 புள்ளியை வாரத் தொடக்கத்திலேயே டீமுக்குக் கொடுத்துவிட்டுக் கழித்துக்கொண்டு வருவது இதே உத்தி, செலவே இல்லை. ஆனால் ரொக்கப் பரிசை நம்ப வேண்டாம். சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், பணம் நின்றபின் அதனால் வந்த கூடுதல் நடையும் நின்றுபோனது.

நிறுவனம் தரக்கூடிய பரிசுகளில் மிக மதிப்பானது நேரம். மதியம் 1.30 முதல் 2 வரை யாரும் மீட்டிங் வைக்கக் கூடாது என்று மேலாளர் ஒருவர் சொல்லி, தானும் அந்த நேரத்தில் எழுந்து நடந்தால், அவருக்குக் கீழே உள்ளவர்களுக்கு நடக்க அனுமதி கிடைத்த மாதிரி. மேலாளர் நாற்காலியிலேயே இருந்தால் எந்தப் போஸ்டரும் பலிக்காது.

தகவல் விஷயத்தில் கறாராக இருங்கள். போட்டிக்குத் தேவை நாளின் மொத்தக் காலடி மட்டும். இதயத் துடிப்பு, தூக்கம், மாதவிடாய்ச் சுழற்சி, இருப்பிடம் ஆகியவற்றுக்கு ஆப் அனுமதி கேட்டால் மறுத்துவிடலாம். இவற்றில் எதுவும் இல்லாமலே காலடி எண்ண முடியும். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் தரவு வாங்கப்படுகிறதோ அதற்குத் தேவையான அளவோடு ஒப்புதலைக் கட்டுப்படுத்துகிறது. ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையையும் தருகிறது. போட்டியில் சேராதவரின் பெயர் மேலாளருக்குப் போகாது என்று எச்ஆர் எழுத்தில் உறுதி தரட்டும்.

ஒன்பதாவது வாரம்

பரிசளிப்பு முடிந்த திங்கட்கிழமை என்ன நடக்கிறது என்பதை யாரும் திட்டமிடுவதில்லை. டீமைக் கலைக்காதீர்கள். மூன்று துண்டு நடையில் டீமுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிட நடை என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், 5,000 காலடி. நான்கு வாரம் கழித்து மறுபடி ஒரே ஒரு வாரம் அளவு எடுங்கள். அதன் நடு எண்ணை முதல் வார நடு எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 3,300 இருந்த இடத்தில் 5,000 இருந்தால் அந்தப் போட்டி வேலை செய்திருக்கிறது, கோப்பை எந்த டீமின் மேஜையில் இருந்தாலும் சரி.